ஒரு நிமிஷ கேமரா வீடியோவைக் காட்டி டிரைனேஜ் லைன் முழுசா மாத்தணும்ங்கிறாங்க, நம்பலாமா?

தாழ்வாரம்:

வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சு சொல்லுங்க. எங்க வீடு 40 வருஷத்துக்கு மேல பழசு, அப்பா கட்டினது. கீழ் பாத்ரூம் தண்ணி, கிச்சன் தண்ணி ரெண்டும் வீட்டை ஒட்டி இருக்கிற ஒரு சேம்பர்ல சேர்ந்து, அங்கிருந்து முற்றத்துக்கு அடியில ஒரே லைனா தெருப்பக்க சேம்பருக்கு போகுது, நடுவுல வேற மூடி எதுவும் கிடையாது. இந்த ஒரு வருஷத்துல மட்டும் நாலு தடவை அடைச்சுக்கிச்சு. ஒவ்வொரு தடவையும் ஆள் வந்து ஸ்பிரிங் விட்டு சுத்தி எடுப்பாரு, குபுக்னு இறங்கும், ரெண்டு மூணு மாசம் ஒரு தொந்தரவும் இருக்காது, அப்புறம் ஃபிளஷ் பண்ணா தண்ணி மெதுவா இறங்க ஆரம்பிக்கும், பாத்ரூம் தரை ஜல்லடைகிட்ட களக் களக்னு சத்தம் வரும், அடுத்த வாரமே மேல ஏறிடும்.

அப்பாவுக்கு 78 வயசு. மாடி ஏற முடியாது, அவருக்கு இருக்கிறது அந்த ஒரு டாய்லெட்தான். அடைச்ச அன்னைக்கு அவர் சாப்பிடவே மாட்டேங்கிறாரு, எதுக்குன்னு வாய் திறந்து சொல்லவும் மாட்டாரு. அதைப் பாத்துட்டுதான் இந்த தடவை செலவானாலும் பரவால்ல, உள்ள என்னதான் இருக்குன்னு பாத்துடுவோம்னு கேமரா விடுற ஆளைக் கூப்பிட்டேன்.

அவர் வந்தப்போ வீட்டுப்பக்க சேம்பர்ல தண்ணி நின்னுக்கிட்டு இருந்துச்சு, அப்படியே கேமராவை உள்ள விட்டாரு. அஞ்சு நிமிஷம் கூட ஆகியிருக்காது. "லைன் நடுவுல பள்ளமா உட்கார்ந்துருச்சும்மா, பாருங்க தண்ணி நிக்குது, முற்றம் முழுக்க உடைச்சு புதுசா போட்டாதான் சரியாகும்"னு சொல்லிட்டு ஃபோனுக்கு ஒரு நிமிஷ வீடியோ அனுப்பிட்டு போயிட்டாரு. அதுல பச்சையும் பழுப்புமா கலங்கின தண்ணிதான் தெரியுது, ஓரத்துல ஒரு நம்பர் கூட ஓடல. எந்த இடம், எவ்வளவு நீளம் உட்கார்ந்திருக்குன்னு கேட்டா "எல்லாமேதான்"ங்கிறாரு.

முற்றத்தை உடைச்சா வாசலுக்கு வர்ற வழியே போயிடும், அப்பா எப்படி நடப்பாருன்னு வேற பயமா இருக்கு. இந்த ஒரு நிமிஷத்தை நம்பி முடிவெடுக்கலாமா? திரும்ப வேற ஆளை வெச்சு பாக்கணும்னா என்ன கேட்டு வாங்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கேபிள்_ரீல்:

அக்கா, நான் இந்த வேலைதான் 9 வருஷமா பண்றேன், அதனால நேரா சொல்றேன், அந்த வீடியோவை வெச்சு ஒரு செங்கல்லைக் கூட நகர்த்தாதீங்க. சேம்பர்ல தண்ணி நிக்கிறப்போ கேமரா விட்டா பைப் உள்ளயும் தண்ணிதான் நிக்கும், வேற என்ன தெரியும். கீழ எங்கயோ அடைப்பு இருக்கு, அதுக்கு மேல இருக்கிற பைப் பூரா ரொம்பி நிக்குது, அவ்வளவுதான் அந்த படத்துக்கு அர்த்தம். லைன் உட்கார்ந்திருக்கலாம், உட்காராமலும் இருக்கலாம், அதை அந்தப் படத்தை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு நிறைய பேருக்கு தெரியாது. நம்ம 4 இன்ச் லைனுக்கு விடுற கேமரா தலை கட்டை விரல் தடிமனைவிட கொஞ்சம் பெருசா, 3 சென்டிமீட்டர் அளவுலதான் இருக்கும், அது பைப்போட அடியில உரசிக்கிட்டே போகும். அப்போ லென்ஸ் இருக்கிறது தரையில இருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துல. உள்ள 2 சென்டிமீட்டர் தண்ணி கிடந்தாலே கண்ணு முங்கிடும், ஸ்கிரீன்ல பாக்கிறவங்களுக்கு பைப்பே ரொம்பி வழியற மாதிரி இருக்கும். தலையைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டி நடுவுக்கு தூக்கி விட்டா அதே இடம் வேற மாதிரி தெரியும். எத்தனை லைனை இந்த ஒரு விஷயத்துக்காகவே வீணா உடைச்சிருக்காங்கன்னு நினைச்சா மனசு ஆறமாட்டேங்குது.

சரியா எப்படி பண்ணணும்னா, முதல்ல ஜெட்டிங் போட்டு, அதான் அழுத்தமா தண்ணி பீச்சி, லைனைக் கழுவணும், ஸ்பிரிங் பத்தாது. ஸ்பிரிங் அடைப்புல ஒரு ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துடும், சுவர்ல ஒட்டின பிசுக்கும் வேரும் அப்படியே இருக்கும், ரெண்டு மூணு மாசத்துல அந்த ஓட்டை மூடிக்கும். நீங்க சொல்ற கணக்கு அச்சு அசலா இதுதான். ஒரு தடவை அடைச்சு அதோட போச்சுன்னா ஏதோ துணி, டயபர் மாதிரி பொருள் போய் மாட்டியிருக்கும், இப்படி தவணை வெச்ச மாதிரி திரும்ப திரும்ப வருதுன்னா பெரும்பாலும் பைப்புலயே ஏதோ ஒண்ணு பிடிச்சு நிறுத்துது.

கழுவின பிறகு தண்ணி வடியட்டும், அப்புறம் கேமரா. உள்ள விடும்போதே, கேபிள் எவ்வளவு தூரம் போச்சுன்னு காட்டுற மீட்டரை சைபர் ஆக்கணும், எந்த வாயில இருந்து விடுறோம்ங்கிறதை அவர் வாயால சொல்லி ரெக்கார்ட் பண்ணணும். "வீட்டுப்பக்க சேம்பர், தெருப்பக்கம் நோக்கி, சைபர்"னு ஒரு வார்த்தை. போகும்போது கொஞ்சம் வேகமா போனாலும் திரும்பி இழுக்கும்போது மெதுவா இழுக்கணும், உண்மையான சோதனை அதுலதான் இருக்கு, ஏன்னா தள்ளும்போது தலை ஆடிக்கிட்டே போகும், இழுக்கும்போது கேபிள் விறைப்பா இருக்கும், படம் நிக்கும். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் ஒரு நொடி நிறுத்தணும். கடைசியா கேமரா உள்ள இருக்கும்போதே மேல இருந்து ஒரு பக்கெட் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, அது எங்க தயங்குது, எங்க வேகமா போகுதுன்னு கண்ணால பாக்கலாம்.

உண்மையிலேயே உட்கார்ந்த இடம்னா அதுக்கு ஒரு முகம் உண்டு. காஞ்ச பைப்புல போய்க்கிட்டே இருக்கும்போது அடியில மெல்லிசா ஒரு தண்ணிக்கோடு ஆரம்பிக்கும், அது மெதுவா ரெண்டு பக்க சுவர்லயும் ஏறும், லென்ஸ் பாதி முங்கும், முழுசா முங்கும், அப்புறம் அதே மாதிரி மெதுவா இறங்கி வெளிய வரும். ஆரம்பிச்ச இடத்துல மீட்டர் என்ன, முடிஞ்ச இடத்துல மீட்டர் என்ன, கழிச்சா நீளம் வந்துரும். "எல்லாமே"ன்னு ஒரு பதில் இந்த வேலையில கிடையாதுக்கா.


முற்றத்து_நிழல்:

மேல சொன்ன தம்பி எல்லாம் சரியா சொல்லிட்டாரு, நான் பட்ட கஷ்டத்தை மட்டும் சேர்த்துடறேன் ஏன்னா மீட்டர் நம்பர் இருந்தும் நாங்க தப்பான இடத்துல தோண்டினோம்.

எங்க வீட்டுல கேமரா விட்டவர் ஒழுங்காதான் வீடியோ குடுத்தாரு, 9 மீட்டர்ல பைப் விரிசல்னு தெளிவா தெரிஞ்சுது. கொத்தனார் டேப் எடுத்து பாத்ரூம் சுவர்ல இருந்து நேரா 9 மீட்டர் அளந்து கோடு போட்டு உடைச்சாரு. இடுப்பளவு குழி. பைப் கிடைச்சுது, ஒரு கீறல் கூட இல்ல, கையால தடவித் தடவி பாத்தோம். கேமரா விட்டது டாய்லெட் பீங்கானைக் கழட்டிட்டு அந்த வாய் வழியா. கேபிள் முதல்ல ஒரு மீட்டருக்கு மேல நேரா கீழ இறங்கி, பெண்டு திரும்பி, அப்புறம்தான் படுக்கையா போயிருக்கு. அதுவும் நேரா போகல, சுவர் மூலைகிட்ட இன்னொரு தடவை திரும்பியிருக்கு. மீட்டர் எண்ணுறது கேபிளைத்தான், தரையை இல்ல. ரெண்டு மீட்டர் தள்ளி இருந்துச்சு உண்மையான இடம்.

அப்புறம் வேற ஒருத்தர் லொக்கேட்டர் கொண்டு வந்தாரு. கேமரா தலைக்குப் பின்னாடியே சின்னதா ஒரு சிக்னல் விடுற பொருள் இருக்குமாம், சோண்டுன்னு சொன்னாரு, மேல நின்னு கருவியைக் கையில வெச்சு மெதுவா நடந்தாரு, சத்தம் கூடிக்கிட்டே வந்து ஒரு இடத்துல உச்சத்துக்கு போச்சு, சாக்பீஸால பெருக்கல் குறி போட்டு பக்கத்துலயே ஆழத்தையும் எழுதினாரு. அங்க தோண்டினோம், குறிக்கு நேர் கீழ விரிசல். கருவி இருக்கான்னு முதல்லயே கேட்டிருந்தா ஒரு குழி மிச்சம். அதனால நீங்க கூப்பிடும்போதே "கேமராவுல சோண்டு இருக்கா, லொக்கேட்டர் கொண்டு வருவீங்களா"ன்னு கேளுங்க, இல்லன்னா வேற ஆள் பாருங்க.


கேபிள்_ரீல்:

சார் சொன்னது ரொம்ப முக்கியம். அந்த சோண்டு பெரும்பாலும் 512 ஹெர்ட்ஸ்ல வேலை செய்யும், அந்த குறைஞ்ச அலைவரிசை வார்ப்பிரும்பு பைப்பைத் தாண்டியும் வெளிய வரும்ங்கிறதாலதான் அதை வெச்சிருக்காங்க. பைப் எந்த வழியா போகுதுன்னே தெரியாத பழைய வீட்டுல, ரெண்டு மீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி மேல குறி போட்டுக்கிட்டே போனா லைனோட வரைபடமே தரையில கிடைச்சுரும், அதை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கலாம்.


மொட்டைமாடி:

நடுவுல ஒரு கேள்வி. ஃபோன்ல மாட்டுற சின்ன கேமரா ஆன்லைன்ல கிடைக்குதே, ஒல்லியா வயர் மாதிரி, அதை வாங்கி நாமளே விட்டுப் பாத்தா என்ன?


கேபிள்_ரீல்:

வாஷ்பேசின் டிராப்ல மோதிரம் விழுந்திருக்கான்னு பாக்க அது போதும். டிரைனேஜ் லைனுக்கு உதவாதுங்க. வயர் தொளதொளன்னு இருக்கும், ஒரு பெண்டு தாண்டினதும் உள்ளயே சுருண்டுக்கும், தள்ளினாலும் முன்னாடி போகாது. எங்க கேபிள் உள்ள கண்ணாடி இழை கம்பி இருக்கு, அந்த விறைப்பாலதான் 30, 40 மீட்டர் தள்ள முடியுது. அதோட உங்க வயர்ல வெளிச்சமும் பத்தாது, படம் வேற உருண்டுக்கிட்டே இருக்கும், மேல எது கீழ எதுன்னு தெரியாது. நல்ல கேமராவுல தலை எப்படி திரும்பினாலும் படம் நிமிர்ந்தே நிக்கும், வேர் மேல இருந்து இறங்குதா பக்கத்துல இருந்து வருதான்னு அப்போதான் சொல்ல முடியும். உள்ள மாட்டிக்கிச்சுன்னா அதை எடுக்க தனியா ஒரு வேலை.


வாட்டம்_பார்ப்பவர்:

தங்கச்சி, நான் கட்டட வேலையில சிவில் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவன். கேமரா பத்தி தம்பி சொல்லிட்டார், கேமராவுக்கு தெரியாதது என்னன்னு நான் சொல்றேன்.

முதல்ல வாட்டம், அதாவது பைப்போட சரிவு. 4 இன்ச் பைப்புக்கு 40க்கு 1, 6 இன்ச்சுக்கு 60க்கு 1ன்னு ஒரு பழைய கணக்கு உண்டு, இன்னைக்கும் அதை வெச்சுதான் பெரும்பாலும் போடறாங்க. உங்க லைன் 12 மீட்டர்னு வெச்சுக்குவோம், 4 இன்ச்னா ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் 30 சென்டிமீட்டர் இறக்கம் இருக்கணும். தண்ணி நொடிக்கு முக்கால் மீட்டர் கிட்ட ஓடினாதான் கழிவைத் தானே தூக்கிட்டு போகும், இல்லன்னா தண்ணி மட்டும் போயிடும், கெட்டியானது தங்கிடும். இந்த வாட்டத்தை சாதாரண வீட்டு கேமரா அளக்காது, தண்ணி நிக்குதா இல்லையான்னுதான் காட்டும். ஆனா ரெண்டு சேம்பர் மூடியும் திறந்திருக்கும்போது கொத்தனார் டியூப் மட்டம், அதான் தண்ணி நிரப்பின டியூப், வெச்சு ரெண்டு பக்கமும் பைப் அடிமட்டத்தை எடுத்தா அரை மணி நேரத்துல தெரிஞ்சுரும். மேல நின்னு அளவுக்குச்சியை இறக்கி எடுக்கலாம், உள்ள இறங்க வேண்டியதில்ல. மொத்த இறக்கம் சரியா இருந்தா லைன் முழுக்க உட்கார்ந்துருச்சுங்கிற பேச்சே அடிபட்டு போயிடும், எங்கயோ ஒரு இடம் மட்டும்தான்னு ஆகும்.

ரெண்டாவது, 40 வருஷ வீடுன்னா கல் பைப்பா இருக்க வாய்ப்பு அதிகம், அதான் சுட்ட மண்ணுல மெருகு பூசின ஸ்டோன்வேர். பைப் தப்பு சொல்ல முடியாது, அமிலம் கூட அதை ஒண்ணும் பண்ணாது. பிரச்சனை ஜாயின்ட்டுலதான். ஒரு துண்டு 60 சென்டிமீட்டர்தான் வரும், அப்போ 12 மீட்டருக்கு 20 ஜாயின்ட் கிட்ட. சிமென்ட் கலவையால அடைச்ச ஜாயின்ட், மண் கொஞ்சம் அசைஞ்சாலும் முடி அளவு விரிசல் விடும். அந்த ஈரத்தைத் தேடி வேர் வரும். வேர் பைப்பை உடைச்சுட்டு வரும்னு சொல்வாங்க, நான் பார்த்தவரைக்கும் முதல்ல வழி விடுறது ஜாயின்ட்தான், முடி மாதிரி நுழையும், உள்ள சத்து கிடைச்சதும் குதிரை வால் மாதிரி கொத்தா வளர்ந்து அதுக்கப்புறம்தான் விரிசலைப் பெருசாக்கும். முற்றத்துல மரம் ஏதாவது இருக்கா பாருங்க, லைனுக்கு நேர் மேலதான் இருக்கணும்னு இல்ல.

ஜெட்டிங் போடுறவர்கிட்ட பழைய கல் பைப்னு முன்னாடியே சொல்லிடுங்க. அழுத்தத்தைக் குறைச்சு ஆரம்பிப்பார். ஏற்கனவே உடைஞ்ச துண்டு இருந்தா முழு அழுத்தத்துல அது பேர்ந்து போகும், அதுக்குப் பின்னாடி இருக்கிற மண்ணையும் அரிச்சுடும். சந்தேகமா இருந்தா கழுவறதுக்கு முன்னாடி எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம் ஒரு தடவை கேமரா, கழுவின பிறகு முழுசா ஒரு தடவைன்னு ரெண்டு தடவையா விடச் சொல்றது நல்லது.

மூணாவது, உடைக்காமலே உள்ள லைனிங் போடலாம்னு ஒருத்தர் வந்து சொல்லுவார். நல்ல முறைதான். 1971ல லண்டன்ல எரிக் வுட்ங்கிறவர் முதல்ல செஞ்சு காட்டினது, ரெசின்ல ஊறின துணிக் குழாயை உள்ள விட்டு அழுத்தத்தால சுவரோட ஒட்ட வெச்சு இறுக விடுவாங்க, பைப்புக்குள்ள புது பைப். விரிசலுக்கும் வேருக்கும் அது சரி. ஆனா உட்கார்ந்த லைனை அது நிமிர்த்தாது. பழைய பைப் எப்படி வளைஞ்சிருக்கோ அதே வளைவுல புதுசும் படுக்கும், தண்ணி அதே இடத்துலதான் நிக்கும். அதனால நோய் எதுன்னு தெரியாம இந்த மருந்தை வாங்கக் கூடாது.

கடைசியா, இதை எல்லாருக்கும்தான் சொல்றேன், அடைப்பு பாக்க யாரும் சேம்பருக்குள்ள இறங்க விடாதீங்க, "ஒரு நிமிஷம்தான் சார்"னு அவங்களே முன்வந்தாலும் விடாதீங்க. சாக்கடையில உண்டாகிற விஷ வாயு ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவுக்கு போனாலே மூக்கு மரத்துடும், நாத்தம் இல்லன்னு நினைச்சு இறங்குவாங்க. கேமராங்கிற கருவி இருக்கும்போது ஒரு மனுஷனை எதுக்கு உள்ள அனுப்பணும்.


தாழ்வாரம்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அண்ணா, முற்றத்துல மரம் இருக்கு, ஆனா லைனுக்கு நாலஞ்சு மீட்டர் தள்ளி மதில் ஓரமா. அதுவும் கணக்குல வருமா? லொக்கேட்டர் வெச்சிருக்கிற ஒரு ஆளைக் கண்டுபிடிச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்காரு.


வாட்டம்_பார்ப்பவர்:

நாலஞ்சு மீட்டர் ஒரு மரத்துக்கு தூரமே இல்லம்மா. பாத்துட்டு எழுதுங்க.


தாழ்வாரம்:

ஞாயித்துக்கிழமை எல்லாம் முடிஞ்சுது, இன்னைக்குதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைச்சுது.

வந்தவர் முதல்ல தெருப்பக்க சேம்பர்ல இருந்து குறைஞ்ச அழுத்தத்துல ஜெட்டிங் போட்டாரு. கொஞ்ச நேரத்துல பழுப்பு நிறத்துல நார் நாரா வந்து விழுந்துச்சு, முதல்ல தேங்கா நார்னு நினைச்சேன், கையுறை போட்டு எடுத்துக் காட்டினாரு, வேர். ஒரு முழ நீளத்துக்கு பின்னின சடை மாதிரி. வீட்டுப்பக்க சேம்பர்ல நின்னுக்கிட்டிருந்த தண்ணி அப்படியே சுழிச்சு இறங்கிடுச்சு.

அப்புறம் அரை மணி நேரம் விட்டு வீட்டுப்பக்கத்துல இருந்து கேமரா. நீங்க சொன்ன மாதிரியே சைபர்ல ஆரம்பிச்சு பேசிக்கிட்டே விட்டாரு, நானும் பக்கத்துல நின்னு ஸ்கிரீனைப் பாத்தேன். 6 மீட்டர் வரைக்கும் சுத்தமா இருந்துச்சு, உள்சுவர் பளபளன்னு சாக்லேட் கலர்ல, ஜாயின்ட் ஒவ்வொண்ணும் வளையம் வளையமா. 6.8ல மேல இடது பக்கத்துல இருந்து அறுபட்ட வேர் நுனி தொங்கிக்கிட்டு இருந்துச்சு, மேல இருந்து தண்ணி ஊத்தினதும் அது ஆடுச்சு, அதை என்னால மறக்கவே முடியாது, நாலு தடவை எங்களை அலைய விட்டது அந்த ஒரு கொத்துதான். அந்த ஜாயின்ட்ல ஒரு துண்டு கீழ இறங்கி விளிம்பு பிறை மாதிரி தெரிஞ்சுது. அதைத் தாண்டி 8.1ல இருந்து 8.9 வரைக்கும் தண்ணிக்கோடு ஏறி இறங்குச்சு, லென்ஸ் பாதிதான் முங்குச்சு. மிச்சம் கடைசி வரைக்கும் ஒண்ணும் இல்ல. டியூப் மட்டமும் எடுத்தோம், 11.5 மீட்டருக்கு 27 சென்டிமீட்டர் இறக்கம் வந்துச்சு.

முதல்ல வந்தவர் பாத்த தண்ணி அப்போ வேர் தேக்கி வெச்ச தண்ணி, வேற ஒண்ணும் இல்ல.

லொக்கேட்டர் குறி போட்ட இடத்துல மட்டும் ஒரு மீட்டர் அகலத்துக்கு உடைச்சோம், முட்டளவு ஆழத்துலயே கிடைச்சுது. ரெண்டு துண்டு கல் பைப்பை எடுத்துட்டு பிவிசி போட்டு ரெண்டு முனையிலயும் ரப்பர் கப்ளிங் போட்டு கிளாம்ப் முடுக்கினாங்க, சிமென்ட் வைக்க வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு. அங்கயே மேல நோக்கி ஒரு கிளீன் அவுட் வாயும் வெச்சு மூடி போட்டாச்சு, இனிமே கேமரா விடணும்னா அங்கிருந்தே விடலாம். மூடறதுக்கு முன்னாடி திரும்ப கேமரா விட்டு அந்த வீடியோவும் வாங்கி வெச்சிருக்கேன். அப்பாவுக்கு பலகை போட்டு வழி பண்ணிக் குடுத்தோம், ரெண்டே நாள்தான்.

அந்த 80 சென்டிமீட்டர் பள்ளத்தை என்ன பண்றதுன்னு மட்டும் தெரியல. அதையும் உடைக்கலாமா?


கேபிள்_ரீல்:

இப்போ தொடாதீங்கக்கா. பாதி லென்ஸ்னா ஒன்றரை சென்டிமீட்டர் தண்ணி, மொத்த இறக்கமும் கிட்டத்தட்ட கணக்குப்படியே இருக்கு, வேகமா வர்ற தண்ணி அதைத் தள்ளிட்டு போயிடும். கிச்சன் பிசுக்கு மட்டும் அங்க தங்கப் பாக்கும், எண்ணெயை சிங்க்ல ஊத்தாம இருங்க, வாரத்துக்கு ஒரு நாள் கிளீன் அவுட் வாயில ரெண்டு பக்கெட் தண்ணியை மொத்தமா ஊத்தி விடுங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வீட்டுப்பக்க சேம்பர்ல இருந்தே கேமரா விட்டு அதே 8.1, 8.9தானான்னு பாருங்க, நீளமோ ஆழமோ கூடியிருந்தா அப்போ யோசிக்கலாம். வீடியோவை ஃபோன்ல மட்டும் வெச்சுக்காம வேற எங்கயாவதும் ஒரு காப்பி போட்டு வைங்க, ஒப்பிட்டுப் பாக்க அது வேணும்.


தாழ்வாரம்:

போட்டு வெச்சுட்டேன் தம்பி, ரெண்டு இடத்துல. கிளீன் அவுட் மூடிக்குப் பக்கத்துல சுவர்லயும் 6.8, 8.1, 8.9ன்னு பெயின்ட்ல எழுதியாச்சு.